அரசாணை படிக்காத பசு

நம் தேசத்தில் ஒருவன் எந்தெந்த நாளில் உத்தியோகத்துக்குப் போகாமல் வீட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கலாம் என்பதை நிர்ணயிப்பது, உண்டியலையும் காசோலையையும் பற்றி வெள்ளைக்காரன் 1881-ஆம் ஆண்டில் இயற்றிய செலாவணி முறிச் சட்டம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். நானும் நம்பாமல்தான் இருந்தேன்; சென்னையில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்து, வேறெந்த அரசாணைக்கும் காட்டாத சிரத்தையோடு ஆண்டு விடுமுறைப் பட்டியலை வரிக்கு வரி வாசிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு அந்த ஞானம் சித்தித்தது. அப்படி வாசித்துப் பழுத்தவனுக்கு 2024-ஆம் ஆண்டுத் தீபாவளி ஒரு வரப்பிரசாதம். பண்டிகை அக்டோபர் 31, வியாழக்கிழமையில் வந்தது; அதற்கும் சனி ஞாயிறுக்கும் நடுவே முள்ளாய் நின்ற வெள்ளிக்கிழமையையும் அரசு விடுமுறையாக்கி, அந்தக் கடனை நவம்பர் 9-ஆம் தேதிச் சனிக்கிழமையில் வேலை செய்து அடைத்துவிடும்படி ஆணையிட்டது. கடனாகக் கிடைத்தாலும் விடுமுறை விடுமுறைதானே? முழுசாக நான்கு நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, உளுந்தூர்ப்பேட்டை வரை நின்றுகொண்டும் அதற்குமேல் ஒருவர் மடியில் பாதி உட்கார்ந்துகொண்டும் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கோமுகி அணைக்குச் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வீடு அஸ்திவாரம் போட்ட இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகர்ந்ததில்லை. ஆயினும், தாத்தா கட்டியபோது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த அது, 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்குக் குடிபோய், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வாசம் செய்கிறது. மூன்று மாவட்டங்களைக் கண்ட அவ்வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மாறாமல் இருப்பவை கூரையின் நாட்டு ஓடுகள் மட்டுமே. அவற்றில் சிலவற்றையாவது மாற்றவேண்டும் என்பது அம்மா என்னிடம் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கும் மனு. ஆண்டுதோறும் நான் அதைப் பரிசீலனையில் வைத்திருக்கிறேன்.

விடுமுறையில் மழை பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் அதிருஷ்டத்தை நொந்துகொள்வார்கள். என் மனக்கணக்கோ வேறு. வெயிலடித்தால் அம்மா வேலை ஏவுவாள். கொட்டுகிற மழையில் எந்தத் தாய் பெற்ற பிள்ளையை வெளியே அனுப்புவாள்? ஆகவே, மழை பெய்யவேண்டும். பெய்யும்போது நான் திண்ணையில் சாய்ந்திருக்கவேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் முறுக்குத் தூக்கு இருக்கவேண்டும் என்பதே என் சங்கல்பம். இதில் ஒரு சிறு தவறு இருந்தது. கிராமத்தில் மழை என்பது வேலையை நிறுத்துகிற வஸ்து அன்று, வேலையைப் பெறுகிற வஸ்து என்பதைச் சென்னையில் இருபது வருஷம் குப்பை கொட்டியதில் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்டிலியும் கறிக்குழம்பும் முடிந்து, நான் திண்ணையை நோக்கி நகர்ந்த தருணத்தில் அம்மா, “சும்மாதான இருக்கப்போற?” என்றாள். உலகத்தில் எத்தனையோ அபாயகரமான வாக்கியங்கள் உண்டு. தாயின் வாயிலிருந்து வரும் இந்த ஒன்றுக்கு ஈடானது இல்லை. அதைத் தொடர்ந்து ஜாபிதா வந்தது. கூரையில் ஏழு ஓடு உடைந்திருக்கிறது; மாட்டுக் கொட்டாயின் தரை சேறாகிவிட்டது, கிராவல் கொட்டவேண்டும்; வைக்கோற்போருக்கு மூடாப்புப் போடவேண்டும்; வறட்டியைப் பரணில் அடுக்கவேண்டும்; புழக்கடையில் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுக்கவேண்டும்; வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையைக் கழிக்கவேண்டும்; கோழிக்கூண்டுக்குக் கதவு வேண்டும். ஆக ஏழு வேலை. எழுதப்படிக்கத் தெரியாத அம்மா இதைக் காகிதத்தில் எழுதவில்லை, எழுதியிருந்தால் தொலைத்துவிடலாம். ‘லீவு’ என்ற சொல்லுக்கு அவள் அகராதியில் ‘ஆள் கிடைக்கும் நாள்’ என்பதே பொருள்.

“மழை வரும்போலிருக்கிறதே, அம்மா” என்று இழுத்தேன். கைப்பேசியை எடுத்து, வானிலை ஆய்வு மையத்தார் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வகுத்திருக்கும் எச்சரிக்கைகளின் தாத்பரியத்தை விளக்கவும் முற்பட்டேன். அம்மா மேற்கே மலையை ஒருதரம் பார்த்தாள். அவளிடமும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மேகம் மலையின் தலையில் இருந்தால் துணி காயப்போடலாம். தோளுக்கு வந்தால் வறட்டியை அள்ளவேண்டும். இடுப்புக்கு இறங்கினால் கோழியைப் பிடித்துக் கூடையால் கவிழ்க்கவேண்டும். “தோளுக்கு வந்துட்டுது, எழுந்திரு” என்றாள். நான் எழுந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைத் தேடி முடிப்பதற்குள் மேகம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. வறட்டியில் பாதி பரணேறியது. மறுபாதி, தான் எதிலிருந்து உண்டாயிற்றோ அந்தப் பூர்வ ஸ்திதியையே அடைந்துவிட்டது.

அன்றிரவுதான் ஓடுகளின் மகிமை விளங்கியது. கல்வராயனில் பிறந்து வரும் கோமுகி ஆற்றை மறித்து 1965-இல் கட்டிய அணைக்கு உயரம் 46 அடி. மலையில் மழை என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் சௌக்கியமா என்று விசாரிப்பதில்லை, “எத்தன அடி?” என்றுதான் விசாரிப்பார்கள். 46 அடியும் முட்ட நிரப்பாமல், பாதுகாப்பை உத்தேசித்து 44 அடியிலேயே நிறுத்தி உபரி நீரைத் திறந்துவிடுவது அங்கே அதிகாரிகளின் வழக்கம். எங்கள் வீட்டிலோ அன்று ஐந்து நீர்த்தேக்கங்கள் இருந்தன. கூடத்தில் அண்டா, அடுப்படியில் குண்டான், நடையில் தவலை, சாமி படத்துக்கு முன்னே சொம்பு, என் தலைமாட்டில் எவர்சில்வர் தூக்கு. (தூக்கிலிருந்த முறுக்கு பரணுக்கு இடம்பெயர்ந்தது.) ஒவ்வொன்றும் நிறைய இரண்டு விரற்கடை இருக்கும்போதே அம்மா இருட்டில் படுத்தபடியே சத்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணித்து, “அண்டாவ ஊத்திட்டு வா” என்று ஆக்ஞாபிப்பாள். அங்கே மதகைத் திறக்க இயந்திரம் இருந்தது. இங்கே மதகு நானே. விடிவதற்குள் ஒன்பது முறை திறக்கப்பட்டேன். போதாக்குறைக்கு ஒழுக்குகள் ஓரிடத்தில் நிலையாக உத்தியோகம் பார்க்கவில்லை. சொம்புக்கு நேரே சொட்டிக்கொண்டிருந்தது, யார் போட்ட இடமாற்ற ஆணையோ, நள்ளிரவில் என் காதுக்கு மாறுதலாகி வந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பசு கத்தியது. இன்று வெள்ளிக்கிழமை, அரசு பிரத்தியேகமாக அறிவித்த விடுமுறை, அதற்கு ஈடாக ஒன்பதாம் தேதி வேலை செய்யவும் ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பதெல்லாம் லட்சுமிக்குத் தெரியவில்லை. அவள் அரசாணை படித்தவள் அல்லள். கறக்கவேண்டும், சாணி அள்ளவேண்டும், தீனி போடவேண்டும். முதல்நாள் நனைந்த வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு, மேலதிகாரி கோப்பைத் திருப்பியனுப்பும் அதே தோரணையில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, ஜாபிதாவின் மூன்றாம் வேலையை இனித் தள்ளிப்போட முடியாது என்று புரிந்தது.

மூடாப்புக்காக அம்மா எடுத்துக் கொடுத்தது, சென்ற தேர்தலில் தெருமுனையில் கட்டியிருந்த ஒரு பெரிய பேனர். எங்கள் ஊரில் எந்தத் தலைவருடைய பேனரும் வீண்போவதில்லை. தேர்தலில் தோற்றவர்கூட வைக்கோற்போரின்மேல் ஐந்தாண்டுப் பதவி வகிக்கிறார். ஏணி வைத்து ஏறி, ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனைக்கு நான் தவழ்ந்த சமயத்தில் காற்று அடியில் புகுந்து பேனரைத் தூக்கியது. தலைவர் எழுந்து நின்று, இரு கைகளையும் கூப்பி, கல்வராயன் மலையை நோக்கி வாக்குக் கேட்டார். மறுகணம் என்னை ஆரத்தழுவிக்கொண்டார். அந்த ஆலிங்கனத்திலேயே நாங்கள் இருவரும் போரின் சரிவில் வழுக்கி எருக்குழியின் ஓரத்தில் வந்து இறங்கினோம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா தம் திண்ணையில் குடை பிடித்து உட்கார்ந்தபடி (திண்ணையும் ஒழுகுகிறது) யாவற்றையும் அவதானித்து, “கயித்த மொதல்ல மேகாத்துப் பக்கமா கட்டியிருக்கணும்டா” என்றார். “இறங்கி வந்து ஒரு கை கொடுங்களேன், பெரியப்பா” என்றேன். “முட்டி வலி. யோசன வேணும்னா எவ்ளோ வேணும்னாலும் கேளு” என்று தாராளமாக அனுமதித்தார்.

அந்நிலையில் மலையிலிருந்து கடுக்காயும் சாமையும் கொண்டுவரும் மலையாளிக் கவுண்டர் வந்து சேர்ந்தார். மலையாளி என்றவுடன் கேரளத்தை நினைத்துக்கொள்ளும் பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இவர்கள் கல்வராயன் மலையின் பழங்குடிகள், முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. கோணிச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, மலைச்சரிவில் அத்தனை மழையிலும் நடந்து வந்தவர் உலர்ந்திருந்தார். திண்ணையிலிருந்து பத்தடி நடந்த நான் ஊறிக்கிடந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பேனரின் நான்கு ஓரத்திலும் கயிறு கட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். தலைவர் சமாதியடைந்தவர்போல் அசையாது படுத்தார்.

“லீவா, தம்பி?”

“ஆமாங்க கவுண்டரே, நாலு நாள்.”

“நாலு நாளா!” என்று வியந்து, சற்று யோசித்து, “அப்ப பால மட்டும் யாரு கறப்பாங்க?” என்று கேட்டார். அதில் பரிகாசம் துளியும் இல்லை. நான்கு நாள் யாரும் எந்த வேலையும் செய்யாமல் ஒரு பட்டணம் எப்படி உயிரோடு இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் நியாயமான ஆவல்தான். செலாவணி முறிச் சட்டத்தை அவருக்கு எங்கிருந்து விளக்கத் தொடங்குவது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருக்க, அம்மா அவர் சாக்கில் அதிரசத்தைப் போட்டு மலைக்கு வழியனுப்பினாள்.

சனிக்கிழமை என் சொந்த முயற்சியால் ஒரு காரியத்தையாவது முடித்துக் காட்டவேண்டும் என்ற வைராக்கியத்தோடு மண்வெட்டியை எடுத்தேன். புழக்கடையில் தேங்கிய தண்ணீரைத் தெருவுக்கு விட, நூல் பிடித்து, இருபதடி நீளத்துக்கு நேர்த்தியாக வாய்க்கால் வெட்டினேன். கைகளில் நான்கு கொப்புளம். பார்வைக்கு அவ்வாய்க்கால் அழகாகவே இருந்தது. தண்ணீரும் அதில் ஆர்வத்தோடு ஓடியது. ஆனால் தெருவை நோக்கி ஓடாமல் மாட்டுக் கொட்டாயை நோக்கி ஓடியது. லட்சுமி கணுக்கால் அளவு நீரில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. பால் சொம்போடு அப்பக்கம் வந்த அம்மா, நடந்துகொண்டே, முருங்கையடியில் ஓரிடத்தில் கால் கட்டைவிரலால் மண்ணைச் சற்று ஒதுக்கிவிட்டாள். அவ்வளவுதான். தேங்கிக் கிடந்த நீரெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல் அந்த வழியே தெருவுக்குப் பாய்ந்தது. நாற்பது வருஷமாக ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்தத் தண்ணீர் அந்த இடத்தில்தான் போகிறதாம். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றேன். “நூலெல்லாம் புடிச்சிக்கினு இருந்த, எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜாபிதாவைத் தணிக்கை செய்தேன். வைக்கோற்போர் கவுண்டரால் முடிந்தது, வாய்க்கால் கட்டைவிரலால் முடிந்தது, வறட்டி பாதி. கோழிக்கூண்டுக்கு நான் பொருத்திய கதவைக் கோழிகள் உள்ளிருந்தே திறக்கக் கற்றுக்கொண்டன. கிராவல் மழை நின்றால்தான் வண்டி வரும். முருங்கைக் கிளையை நான் கழிக்கவில்லை; சனிக்கிழமை இரவுக் காற்றில் அது தானாகவே முறிந்து கூரையின்மேல் விழுந்தது. ஓடு உடைந்தது ஏழு என்று சொன்னேனல்லவா? அதைப் பத்தாகத் திருத்திக்கொள்ளவும்.

பஸ் ஏற்றிவிட அம்மா தெருமுனை வரை வந்தாள். மலையின் தலை, தோள், இடுப்பு யாவும் துல்லியமாகத் தெரிந்தன. ஒரு மேகமும் இல்லை.

“பொங்கலுக்கு எத்தன நாளு லீவு?”

“அரசாணை இன்னும் வரலம்மா.”

“அது வர்றப்ப வரட்டும். பத்து ஓடு வாங்கி வெச்சிடறேன்.”

பிற்பாடு அரசாணை வந்தது. 2025 ஜனவரி 14 செவ்வாயில் பொங்கல். அடுத்த இரு நாளும் வழக்கமான விடுமுறை. 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் அரசு கருணை கூர்ந்து விடுமுறையாக்க, சனி ஞாயிறோடு சேர்ந்து முழுசாக ஆறு நாள். அலுவலகமே ஆரவாரித்தது. நான் மட்டும், என் சர்வீஸிலேயே முதன்முறையாக, ஒரு விடுமுறை ஆணையை இரண்டாம் தடவை வாசிக்காமல் மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தேன்.