கேளுங்கள், சொல்கிறேன்

பிரெஞ்சுக்காரர்கள் நமக்கு விட்டுச்சென்றவை ஏராளம். திரும்ப எடுத்துக்கொண்டது ஏதாவது உண்டா?
*– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

உண்டு, ஒரு விமானந்தாங்கிக் கப்பல்! ‘கிளெமான்சோ’ என்ற கிழட்டுப் போர்க்கப்பலை, அதிலிருந்த கல்நாரோடு சேர்த்து, குஜராத்தின் அலங்கில் உடைப்பதற்காக 2005 கடைசி நாளில் அனுப்பினார்கள். நச்சுக்கழிவை நாடு விட்டு நாடு தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் 1989 பாசல் உடன்படிக்கையைக் காட்டி இங்கும் எதிர்ப்பு, அங்கும் எதிர்ப்பு. கடைசியில் அவர்களுடைய நீதிமன்றமே தடுத்தது. 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் திரும்ப அழைத்துக்கொண்டார். உடைத்தது இங்கிலாந்தில். கல்நாரை வெள்ளைக்காரரும் சுவாசிக்கக் கூடாதுதான். ஆனால் அங்கே அதற்குரிய கவசமாவது கொடுப்பார்கள்.

சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் பிடிக்கப் போலீஸ் உண்டா?
*– வாசகி, லாஸ்பேட்டை*

பூமிக்கென்று நம் ஊரைப் போலச் சிவப்புத் தொப்பி போலீஸ் கிடையாது. ஆனால் ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்று 1992-ல் ரியோ பூமி மாநாட்டில் பேசியது, 1996-ல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், அவை மாசுபடுத்திய பாலாற்றுக்கும் செல்லும் என்றது நம் உச்ச நீதிமன்றம்.

எங்கள் கடற்கரை மணலைத் திருடிய கடல்மீது எந்த உலக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்?
*– வாசகர், வைத்திக்குப்பம்*

கடல் வெறும் சாட்சி. 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டி, வடக்கே போன மணலை மறித்தது யார்? பிரதிவாதி உள்ளூர்க்காரர், ஐயா!