அஷ்டபோகத்தில் ஒன்பதாவது

தஞ்சாவூர் ஜில்லாவின் பழைய கிரய சாசனம் எதையாவது எடுத்துப் பொறுமையோடு வாசித்துப் பார்க்கிறவர்கள், நம் முன்னோர்கள் ஒரு வீட்டை விற்பதென்று வந்துவிட்டால் எவ்வளவு தாராளமாக நடந்துகொண்டார்கள் என்று பிரமித்துப் போவார்கள். நாலு சுவரையும் ஒரு கொல்லையையும் வாங்க வந்த மனிதனுக்கு, நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்டபோகங்களையும் சேர்த்து, தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்வெட்டுக்களிலும் இந்தப் பெருந்தன்மைக்குக் குறைவில்லை. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடம் யாவும் நிலத்தோடு சேர்ந்து கைமாறின. உடும்பையும் ஆமையையும் மறவாத அந்தப் புண்ணியவான்கள், குளிராத குளிர்சாதனப் பெட்டி விஷயமாக ஒரு வார்த்தை எழுதி வைக்காமல் போனதன் பலனை நான் அனுபவித்து வருகிறேன்.

நிதியைப் பற்றி இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாசனத்தில் புதையல் வாங்கினவனுக்கே என்று இருந்தாலும், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டுமென்கிறது. எங்கள் சீமையில் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இன்றும் எழுந்தருளியிருக்கிறார். ஆகவே, வீட்டில் நல்ல வஸ்து ஏதேனும் அகப்பட்டால் அதைச் சர்க்காரிடம் சொல்லியாக வேண்டும். உதவாத வஸ்து அகப்பட்டால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னாலும் யாரும் வரமாட்டார்கள்.

மேலவீதியை அடுத்த ஒரு சந்தில், திண்ணையும் ரேழியும் கூடமும் முற்றமும் கெடாமல் இருந்த பழைய வீடு ஒன்றை நான் வாங்கினேன். விற்றவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, சென்னையில் பிள்ளையுடன் இருக்கப் போகிறவர். பேரத்தின்போது விலையில் ஆயிரம் ரூபாய்கூடக் குறைக்காத அவர், சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கும் சமயத்தில் என்னைக் கூடத்து மூலைக்கு அழைத்துச் சென்று, அங்கே ஆளுயரத்துக்கு நின்றிருந்த பெட்டியின் தலையை வாத்ஸல்யத்தோடு தடவி, "ஃப்ரிஜ்ஜை நான் எடுத்துக்கிட்டுப் போகல சார், உங்களுக்குன்னே விட்டுட்டுப் போறேன். இந்த மாதிரி கம்ப்ரஸர் இப்பல்லாம் எங்க சார் வருது? கொஞ்சம் காஸ் அடிச்சாப் போதும்" என்றார். கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்த கர்ணன்கூட முகத்தை இவ்வளவு சாந்தமாக வைத்துக்கொண்டிருப்பானா என்பது சந்தேகந்தான். வேண்டாமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் பக்கத்தில் வாங்குகிறவன் விலையைக் குறைத்துக் கேட்கலாமேயொழிய, கொடுக்கிறதை மறுக்கும் வழக்கமில்லை.

அவர் எதையெல்லாம் எடுத்துப் போனார் என்பது குடிபுகுந்த பிறகுதான் தெரியவந்தது. பித்தளைச் சங்கிலியோடு ஊஞ்சல் போயிருந்தது. உத்தரத்தில் கொக்கிகள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாங்கட்டுக்குப் போகும் வழியில் தேக்குக் கதவு இருந்த இடத்தில் நிலை மாத்திரம் நின்றது. கொல்லைக் கதவின் பழைய பூட்டு போய்விட்டது. அதன் சாவி, பாவம், கொத்திலேயே இருந்தது. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவு, வேறு கருத்து வெளிப்படாத பக்ஷத்தில், வீட்டோடு சேர்ந்து கைமாறுபவை இன்னவையென்று சொல்லுகிறது: பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல் மற்றும் வீட்டின் நிரந்தர உபயோகத்துக்காக அமைந்த பிறவும். நான் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தபோது, சட்டம் விட்டுப்போகச் சொன்னவற்றை மனிதர் எடுத்துப் போயிருப்பதும், சட்டம் எடுத்துப்போக அனுமதித்தவற்றை அப்படியே விட்டுப் போயிருப்பதும் ஸ்பஷ்டமாக விளங்கிற்று. இதில் துர்எண்ணம் ஏதுமில்லை. பழைய தேக்குக்கும் தூணுக்கும் காரைக்குடிப் புராதனப் பொருள் கடைகளில் கிராக்கி உண்டு. பழைய ஃப்ரிஜ்ஜுக்கு எந்த ஊரிலும் கிடையாது. தர்மசாஸ்திரம் எப்படியிருந்தாலும் மனித சுபாவம் கிராக்கியை அனுசரித்தே போகிறது.

காஸ் அடிக்க ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பெட்டியின் பின்புறம் குனிந்து வெகுநேரம் ஏதோ ஆராய்ந்துவிட்டு, "இதுக்கு உள்ள காஸே இப்ப வர்றதில்லீங்க ஐயா" என்றார். விசாரித்ததில், அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஓடிய ஆர்-12 என்னும் வாயு ஆகாயத்தின் ஓசோன் மண்டலத்தை அரித்துவிடுகிறதென்று கண்டுபிடித்து, உலகத்து ராஜ்யங்கள் 1987-ல் மாண்ட்ரியல் நகரத்தில் கூடி உடன்படிக்கை செய்துகொண்டதும், 1992-ல் இந்தியாவும் அதில் சேர்ந்ததும், 2008 ஆகஸ்டோடு அந்த ஜாதி வாயுக்களின் உற்பத்தியை நம் தேசம் நிறுத்திவிட்டதும் தெரியவந்தன. என் கூடத்து மூலையில் மோர் குளிரக்கூடாது என்பதில் இத்தனை தேசங்கள் ஏகமனதாக இருந்திருக்கின்றன; விற்றவர் ஒருவர்தான் நம்பிக்கை இழக்கவில்லை.

சரி, பேரீச்சம்பழத்துக்காவது போட்டுவிடலாமென்று பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மரியாதைக்குப் பெட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். கம்ப்ரஸருக்கும் அதிலுள்ள செம்புக்கும் ஏதோ தரலாம், மற்றதெல்லாம் தகரமும் பஞ்சும், ஆனால் பெட்டியை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார். அங்கேதான் சிக்கல். ஃப்ரிஜ் வீட்டுக்குள் வந்து வெகுகாலத்துக்குப் பின், திருட்டுப் பயத்தினால் ரேழியில் ஓர் இரும்புக் கிரில் கதவு போட்டிருக்கிறார்கள். அதன் வழியே மனிதர் போகலாம், பக்கவாட்டில் திரும்பினால் சற்றுப் பருத்த மனிதரும் போகலாம், ஃப்ரிஜ் போகாது. ஜங்கம சொத்தாக உள்ளே வந்தது ஸ்தாவர சொத்தாகிவிட்டது. சுவரைப்போல் பூமியில் பதிந்தவையும், அவற்றின் நிரந்தர அனுபோகத்துக்காக அவற்றோடு பிணைக்கப்பட்டவையும் பூமியோடு சேர்ந்தவையே என்று அதே சட்டத்தின் 3-வது பிரிவு சொல்லுகிறது. அனுபோகம் என்ற நிபந்தனை ஒன்றில்தான் என் ஃப்ரிஜ் தேறவில்லை.

இந்த விதமாக வாசற்படியைத் தாண்ட முடியாமல் வீட்டோடு தங்கிவிடும் வஸ்துக்களுக்கு எங்கள் பக்கத்தில் பூர்வ உதாரணம் இல்லாமலில்லை. டெல்டா கிராமத்து வீடுகளில் பத்தாயம் என்று ஒன்று உண்டு. கனத்த பலகைகளை உள்ளேயே கொண்டுவந்து அடுக்கடுக்காகக் கோத்து நிறுத்தியது. கலம் கலமாக நெல்லைத் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டு, வேண்டும்போது அடியிலுள்ள சிறு வாய் வழியாக மரக்கால் மரக்காலாகக் கொடுக்கும். வீட்டை விற்றவன் பத்தாயத்தைத் தூக்கிக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதேயில்லை. திருவையாற்றுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் பிதுரார்ஜித வீட்டை விற்றபோது நாங்களும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். நெல்லே இப்போது வீட்டுக்கு வருவதில்லையே! இயந்திரம் அறுத்துக் கொட்ட, களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய், ஈரப்பதம் பார்த்து, மூட்டையாகி, லாரியேறி விடுகிறது. வாங்கினவர் பத்தாயத்தைப் பலகை பலகையாகப் பிரித்து விற்றுவிட்டார் என்றும், பலகைகள் எங்கோ ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு மேஜையாக இருக்கின்றன என்றும் சொன்னார்கள். எனக்கு வருத்தமில்லை, சோற்றோடு உறவு அறுபடவில்லையல்லவா? ஃப்ரிஜ்ஜைப் பிரித்து மேஜை செய்ய வழியில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

மாடியில் இன்னொரு ஸ்வீகாரம் காத்திருந்தது: தென்னைக்குப் போட்டியாக உயர்ந்த ஓர் ஆண்டெனா. 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைப் பிடிப்பதற்காக எங்கள் பக்கத்து வீடுகளில் அப்படிக் குழாய்க்குமேல் குழாய் வைத்து நிறுத்தியதுண்டு. இப்போது அதில் தெருக் காக்கைகளின் மகாசபை நடக்கிறது. பரணில் மரக்கதவு போட்ட கறுப்பு வெள்ளை டெலிவிஷன் பெட்டி, 'டக் டக்' என்று தன்னிஷ்டப்படி பேசும் ஸ்டெபிலைசர், கல் தேய்ந்த கிரைண்டர் எல்லாம் இருந்தன. கிரைண்டரை 1955-ல் கோயம்புத்தூரில் உருவாக்கிய சபாபதி, ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களுக்கு விமோசனம் கொடுத்தார். கிரைண்டரிலிருந்து எனக்கு விமோசனம் கொடுப்பார் ஒருவருமில்லை. வேண்டியவர்களுக்குக் கொடுக்கலாமென்றாலோ, 2006-ல் கருணாநிதி அரசாங்கம் வண்ணத் தொலைக்காட்சியையும், 2011-ல் ஜெயலலிதா அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியையும் இலவசமாக வழங்க ஆரம்பித்த பிறகு, நமது ஔதாரியத்தை ஏற்க யாரும் தயாராயில்லை.

இங்கிலாந்தில் வீடு விற்கிறவர்கள், எது வீட்டோடு இருக்கும், எது தங்களோடு வரும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கையெழுத்திட ஒரு நமூனா உண்டு. குளியலறையில் காகிதச் சுருள் மாட்டும் தண்டுவரை அதில் கேட்கிறார்கள். ஜெர்மனியிலோ, வாடகை வீட்டைக் காலி செய்கிற பலர் அடுப்பங்கரை அலமாரிகளையும் கைகழுவும் தொட்டியையுமே கழற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். முதலில் கேட்டபோது அது அற்பத்தனமாகப் பட்டது. இப்போது அந்த ஜாதியார்மேல் எனக்கு அபார மதிப்பு.

ஒரு நியாயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃப்ரிஜ் குளிரவில்லையே தவிர, இறுக மூடுகிறது. கரையான் ஏறாது, எலி நுழையாது. என் அகத்துக்காரி கோடையில் போட்ட வடாமும் அப்பளமும் முதல் மூன்று தட்டுக்களிலும், வீட்டின் பத்திரங்கள் முட்டை வைக்கும் இடத்திலும் சௌக்கியமாக இருக்கின்றன. அஷ்டபோகங்களில் அக்ஷீணி என்பதற்குப் பொருள் அழியாதது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இதைக் காட்டிலும் அழியாத வஸ்துவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதை என் பிள்ளைகளுக்கு விட்டுப் போக மனம் ஒப்பவில்லை.

ஆகையால் இதை வாசிப்பவர்களில் யாருக்காவது விசாலமான, காற்றுப் புகாத, மின்சாரச் செலவே வைக்காத பீரோ ஒன்று தேவைப்பட்டால் தஞ்சாவூருக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். விலை வேண்டாம். தூக்குவதற்கு நாலு ஆட்களும், கிரில்லை அறுத்துத் திரும்பப் பற்றவைத்துக் கொடுக்க ஒரு வெல்டரும் கூட வரவேண்டும். ஆண்டெனாவையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. ஏணி கொண்டுவர வேண்டாம். அது இங்கேயே இருக்கிறது, அதையும் அவர்தான் விட்டுப்போனார்.