1 மி.மீ. தகடும் 200 ஆம்ப்ஸ் சித்தப்பாவும்

ஓய்வு பெற்றவர் கையில் வெல்டிங் மெஷின் கிடைத்தால் வீட்டிலுள்ள இரும்புக்கெல்லாம் நிம்மதி போய்விடும். சித்தப்பா வாங்கியது தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய சின்ன இன்வெர்ட்டர் மெஷின். நெற்றியில் மட்டும் '200 ஆம்ப்ஸ்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. கேட்டின் உடைந்த கீல், துணிக்கொடிக் கம்பம் எல்லாம் ஒட்டின. 5 மி.மீ. இரும்பு ஆங்கிள் எவ்வளவு சூடு வைத்தாலும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும். அதன் பெருந்தன்மையைத் தன் திறமை என்று சித்தப்பா கணக்கு எழுதிக்கொண்டார்.

அடுத்த திட்டம், சித்திக்கு வடாம் காயப்போட எவர்சில்வர் தட்டு.

1 மி.மீ. தகடு வாங்கக் காந்தத்தோடு கடைக்குப் போனார். ஒட்டவில்லை. 304 கிரேடுதான் என்று பூரித்துப்போனார். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்!

304, 202 எதுவாக இருந்தாலும் இந்த ரக எவர்சில்வரின் சுபாவம் ஒன்றுதான். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் சூட்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க மனசு வராது. சாதா இரும்பு கடத்தும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இது கடத்தும். ஆர்க் விழுந்த இடத்திலேயே சூடு தேங்கி நிற்கும். போதாக்குறைக்கு, சூடானால் இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும்.

சித்தப்பா 2.5 மி.மீ. ராடைச் செருகி 40 ஆம்ப்ஸில் தொட்டார். ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கி, 70-க்கு ஏற்றினார். இந்த முறை ராடு ஒட்டவில்லை. ஒட்டுவதற்குத் தகடு அங்கே இல்லை. ஓட்டையை அடைக்கப் போனால், விளிம்பும் உருகி ஓட்டை விரல் நுழையுமளவு வளர்ந்தது. அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தொட்டார். அங்கேயும் அதே கதை.

"என்னங்க, வடாம் தட்டுன்னு சொல்லிட்டு தேன்குழல் அச்சு பண்றீங்களா?" என்றார் சித்தி.

ரோஷம் வந்து, மறுபக்கத்தை ஒரே மூச்சில் ஓட்டி முடித்தார். ஓட்டை விழவில்லை. ஆனால் தட்டின் ஒரு மூலையை அழுத்தினால் எதிர்மூலை எழுந்து நின்றது. பற்றவைத்த ஓரம் முழுக்க நீலமும் ஊதாவும் ஓடியிருந்தன.

கடைசியில் ஆர்கான் வெல்டிங் பட்டறைக்கே போக வேண்டியதாயிற்று. பட்டறைக்காரர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ராடு சார் போட்டீங்க?"

"வீட்ல இருந்ததுதான்."

"அது இரும்பு ராடு சார். ஒழுங்கா ஒட்டியிருந்தாலும் துரு ஏறிடும். 308 எல் போடணும். அதுலயும் 1.6 மி.மீ. சைஸ் இருக்கு."

புதுத் தகட்டில் அவரே இறங்கினார். இணைப்புக்குப் பின்னால் செம்புப் பட்டை வைத்து கிளாம்ப் போட்டார். அது சூட்டையும் இழுத்துக்கொள்ளும், உருகியது வழியாமலும் தாங்கும். மெஷினை 40 ஆம்ப்ஸுக்குக் கீழே இறக்கி, இந்தக் கோடியில் பொட்டு மாதிரி ஒரு டேக், அந்தக் கோடியில் ஒரு டேக், பிறகு நடுவில் ஒன்று. இரண்டு டேக்குக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் சித்தப்பா.

"ஆறட்டும் சார்."

சும்மா நிற்பதற்கும் சேர்த்துத்தான் கூலி என்பது சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

பற்றவைத்த ஓரத்தில் படிந்திருந்த நிறத்தை எடுக்க, பட்டறைக்காரர் கையுறை மாட்டி ஆசிட் பேஸ்ட் தடவினார். "மயில்கழுத்து கலர் நல்லாத்தானே இருக்கு, விட்ருங்களேன்" என்றார் சித்தி. அது சூட்டில் தடித்துப்போன ஆக்சைடு படலம். அதற்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும் என்று அவர் விளக்கியதைச் சித்தி கேட்டுக்கொண்டார். ஆனாலும் கண் அந்த நிறத்தைவிட்டு அகலவில்லை.

தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது சித்தப்பா மெல்ல இழுத்தார்: "இந்த ஆர்கான் சிலிண்டர் என்ன விலை வருதுங்க?"

பட்டறைக்காரர் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னார்: "முதல்ல வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் பண்ணுங்க."