காணொளி ஓடுகிறது, குமாஸ்தா எங்கே?

கேள்வி: அரசு ஊழியர்களுக்கு இணையவழிப் பயிற்சியில் சிரத்தை பிறக்காததற்குச் சோம்பல்தானே காரணம்? (வாசகர், விழுப்புரம்)

பதில்: அப்படித் தீர்ப்பளித்துவிடுவது சுலபம். 2020 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை அரசு ஊழியர் பயிற்சிக்கான ‘கர்மயோகி’ இயக்கத்துக்குச் சம்மதமளித்த பிறகு, பாடங்கள் அதன் ‘ஐகாட்’ இணையத் தளத்தின் வழியே உத்தியோகஸ்தரின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்துவிட்டன. அவற்றைப் படிக்க வேண்டிய அவகாசந்தான் இன்னும் வந்து சேரவில்லை. மேஜைமீது கோப்புகள் குவிந்திருக்க, வாசலில் மனுதாரர்கள் காத்திருக்க, மாலைக்குள் அறிக்கை வேண்டுமென்று மேலதிகாரி ஆக்ஞை பிறப்பித்திருக்க, அத்தருணத்தில் நேர நிர்வாகம் குறித்த உபந்நியாசத்தைக் கேள் என்றால், பாவம், குமாஸ்தா என்னதான் செய்வார்? சப்தத்தை அடக்கிவிட்டு, காணொளியைத் தன்பாட்டுக்கு ஓடவிட்டு, கோப்பிலே குறிப்பெழுதிக்கொண்டிருப்பார், இறுதியில் வரும் வினாக்களுக்கு அடுத்த நாற்காலிக்காரர் விடை சொல்லுவார், சான்றிதழும் கிடைத்துவிடும். (பாடத்துக்கு நேரும் இணையத் தடை, என்ன விந்தையோ, சான்றிதழுக்கு மட்டும் நேர்வதேயில்லை!) படித்தவருக்கும் படிக்க வைத்தவருக்கும் அந்தக் காகிதமே பிரதானமாகிவிட்டபின், வித்தையைப் பற்றி யார் விசாரிக்கப் போகிறார்கள்? வாரத்தில் ஒரு மணியை அலுவல் நேரத்திலேயே ஒதுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் பின்னும் படிக்காதவரைச் சோம்பேறி என்று நானே சொல்லுகிறேன்.