செஞ்சிக்கு நாலு பட்டப்பெயர், அனிலினுக்கும் நாலு

செஞ்சிக் கோட்டையைப் பிடித்த எல்லோருக்கும் ஒரே வியாதி. கொடியை ஏற்றிய கையோடு ஊர்ப் பெயரிலும் கை வைப்பார்கள். பிஜப்பூர் சுல்தானின் ஆட்கள் 'பாதுஷாபாத்' என்றார்கள். 1677இல் சிவாஜி வந்தார். மராட்டியர் வாயில் அது 'சந்தி' ஆனது. அவ்வளவு பெரிய கோட்டையைச் சந்திக்கு இழுத்தவர்கள் அவர்கள்தான்.

மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட உட்கார்ந்தார். 1698 வரை எழுந்திருக்கவில்லை. கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே, ஒத்தாசைக்கு வந்த ஔரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ். இவரோ உள்ளே இருப்பவரோடு ரகசியமாகப் பேச்சு வைத்துக்கொண்டார். எதிரியைப் பிடிக்க வந்த தளபதி முதலில் பிடித்தது முதலாளி மகனைத்தான். ஒருவழியாகக் கோட்டை விழுந்தபோது ராஜாராம் வேலூர் வழியாகக் கம்பி நீட்டியிருந்தார். ஆள் தப்பினாலும் பெயர் தப்பக் கூடாதே! 'நுஸ்ரத்கட்', அதாவது வெற்றிக் கோட்டை. தளபதியின் பட்டமும் 'நுஸ்ரத் ஜங்'தான் என்பதைத் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். இவர்கள் நாக்குக்கு 'ஜிஞ்சி'தான் வசப்பட்டது. ஊர்க்காரர்கள் இத்தனைக்கும் 'செஞ்சி' என்றே சொல்லிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தார்கள்.

மலை மேல் இந்தக் கூத்து நடக்க, கீழே தென்னாற்காட்டுச் சமவெளியில் ஒரு குத்துச்செடி யாருக்கும் சலாம் போடாமல் விளைந்துகொண்டிருந்தது. அவுரி. பார்த்தால் பச்சை, கசக்கினாலும் பச்சை. உள்ளே நீலம் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. தழையைத் தொட்டியில் அடைத்து, மேலே பாரம் ஏற்றி, தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறப் போடுவார்கள். காலையில் நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த மஞ்சள்பச்சைத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று காலால் அடித்துக் கலக்குவார்கள். காற்று ஏற ஏற நுரை நீலமாகும். தெளியவிட்டு, காய்ச்சி, பிழிந்து, கட்டியாக அறுத்தால் சரக்கு ரெடி. புதுச்சேரியிலிருந்து நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய், அங்கே காசுக்குப் பதிலாகவே செல்லுபடியானது. செஞ்சி ராஜாக்களில் யார் அடித்த நாணயத்துக்கும் அந்த யோகம் இல்லை.

அவுரிச் சாயத்தை அரபிகள் 'அன்-நீல்' என்றார்கள். போர்ச்சுகீசியர் 'அனில்' என்று சுருக்கினார்கள். அடுத்து வந்தவர்கள் ரசாயனக்காரர்கள். கத்தி இல்லையே தவிர, புத்தி அதே கோட்டைக்காரப் புத்தி. 1826இல் உன்வெர்டார்பன் என்ற ஜெர்மானியர் அவுரிக் கட்டியைக் காய்ச்சி வடித்தார். ஓர் எண்ணெய் வந்தது. 'கிறிஸ்டலின்' என்று பெயரிட்டார். 1834இல் ருங்கே அதையே நிலக்கரித் தாரில் எடுத்தார். சலவைத்தூள் பட்டதும் நீலம் காட்டியதால் 'கியனால்' என்றார். 1840இல் ஃபிரிட்சே அவுரியைக் காரத்தோடு காய்ச்சி, 'அனில்' நினைவாக 'அனிலின்' என்றார். 1842இல் ருஷ்யாவின் ஜினின் நைட்ரோபென்சீனிலிருந்து எடுத்து 'பென்சிடாம்' என்றார். நாலு பேர், நாலு கொடி, ஒரே கோட்டை! 1843இல் ஹாஃப்மன் நாலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஐயாமார்களே, எல்லாம் ஒன்றுதான்" என்று பஞ்சாயத்தை முடித்தார். நிலைத்தது அவுரி வழி வந்த பெயர்.

பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் ஓர் அமினோ தொகுதி: அனிலின் என்றால் அவ்வளவுதான். பெயரில் நீலம், ஆளோ நிறமற்றவர். காற்றுப் பட்டால் பழுப்பார். அப்போதும் நீலம் கிடையாது. அழுகின மீன் வாடை. நீலத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: உடம்பில் அதிகம் ஏறினால் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் வேலையில் சுணங்கி, நம் உதடு நீலமாகும். முறையாகப் பார்த்தால் 'பென்சீனமின்' என்று சொல்லலாம். ஆனாலும் உலகத்துக்கே பெயர்ச் சட்டம் போடும் ஐயுபிஏசி, 'அனிலின்' என்பதையே முதல் பெயராக வைத்திருக்கிறது. நுஸ்ரத் ஜங்குக்குக் கிடைக்காத மரியாதை.

பிறகு நடந்தது அசல் அரண்மனைச் சதி. 1856இல் பதினெட்டு வயது பெர்கின் அனிலினை வைத்து மலேரியாவுக்கு கொய்னா தயாரிக்கப் போய், ஊதாச் சாயத்தோடு திரும்பினார். சாயப் பட்டறைகள் முளைத்தன. 1865இல் தொடங்கிய பிஏஎஸ்எஃப் கம்பெனியின் 'ஏ', அனிலின்தான். 1897இல் அந்தக் கம்பெனியே செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கியது. சீக்கிரமே அதை அனிலினிலிருந்தே செய்யவும் வழி பிறந்தது. அப்பனைக் கவிழ்த்த பிள்ளைகளை மொகலாய தர்பார் நிறையப் பார்த்திருக்கிறது. அவுரி வயல்கள் மணிலாவுக்கும் நெல்லுக்கும் இடம் விட்டன.

ஆனாலும் திண்டிவனம் பக்கம் அவுரி ஒரேயடியாகச் சாகவில்லை. இன்று அது 'ஆர்கானிக்' என்ற விருதோடு உலா வருகிறது. கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கேட்டால், அனிலினும் ஆர்கானிக், அவுரியின் நீலமும் ஆர்கானிக், ஆலையில் செய்த நீலமும் அச்சு அசல் அதே ஆர்கானிக் என்பார். கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவுரிப் பொடி பாக்கெட்டில் 'பிபிடி இல்லை' என்று பெருமையாகப் போட்டிருக்கும். கறுப்பு ஹேர் டையில் இருக்கும் அந்தப் பிபிடி, அனிலினில் இன்னோர் அமினோ தொகுதியை ஒட்டவைத்த சரக்கு. ஆக, இந்தப் பங்காளிச் சண்டைக்கு இப்போது போர்க்களம் நம்முடைய நரைமுடி. ஜெயிப்பது யாராக இருந்தாலும் ராஜ்ஜியம் மூணு வாரத்துக்குத்தான். அதற்குள் வேரில் வெள்ளைக் கொடி ஏறிவிடும்.