நாக்கை நீட்டு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். "நாக்கை நீட்டு."

உங்களுக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்றில்லை. முகம் லேசாக வாடியிருந்தால் போதும். போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மொய்க்கவரோடு மேடையேறியவர், போட்டோக்காரர் "சிரிங்க சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் காதருகே குனிந்துவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பெண் சிரிக்கிறாள். சித்தப்பா செல்போன் டார்ச்சை அடிக்கிறார். மாப்பிள்ளை, கோட்டு சூட்டோடு, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

குறிப்பிட்ட எந்தச் சித்தப்பாவையும் நான் சொல்லவில்லை. சொன்னால் பொங்கலுக்கு மதுரைப் பக்கம் தலைகாட்ட முடியாது. உங்கள் வீட்டில் அவர் பெரியப்பாவாக இருக்கலாம், மாடிவீட்டு ரிட்டயர்டு சாராக இருக்கலாம். மண்பானைத் தண்ணீர், நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு, விடிகாலை 4.40க்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் கருஞ்சீரகத்தின் மகிமை, இதெல்லாம் எல்லாருக்கும் பொது. எங்களுடையவருக்கு மேற்கொண்டு நாக்கு.

சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டுபிடிக்க எட்டு வழி உண்டு. எண்வகைத் தேர்வு என்பார்கள். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் சித்தப்பா மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஏழையும் விட்டுவிட்டார். ஏன் இப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பட்டியலின் கடைசி இரண்டை நினைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துகொள்வேன்.

பரிசோதனை இப்படி நடக்கும். டார்ச் வெளிச்சத்தில் நாக்கின் நுனி, நடு, அடி மூன்றையும் பார்ப்பார். "இன்னும் நீட்டு" என்பார். இன்னும் நீட்டுவோம். குமட்டும். "அதான்" என்பார். என்ன அதான் என்று கேட்க முடியாது, நாக்கு வெளியே இருக்கிறது. பிறகு தீர்ப்பு: "வெள்ளையா மாவு படிஞ்ச மாதிரி இருக்கு பாரு. குடல் முழுக்கக் கழிவு."

மூட்டுவலிக்குக் கழிவு. முடி கொட்டினால் கழிவு. தேர்வில் மார்க் குறைந்த என் தங்கை மகனுக்கும் கழிவுதான். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து லூயி கூனே என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார்: நோய் ஒன்றுதான், உள்ளே சேர்ந்த வேண்டாத பொருள்தான் எல்லாவற்றுக்கும் காரணம், தொட்டித் தண்ணீரில் இடுப்பு நனைய உட்கார்ந்தால் வெளியேறிவிடும். கூனே டாக்டருக்குப் படித்தவரில்லை. சித்தப்பாவும் இல்லை. அந்த ஒரு பொருத்தமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இடுப்புக் குளியலுக்கென்று நீலநிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் வாங்கினார். இப்போது அதில் சித்தி வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாள்.

சித்தப்பா தோற்றதே இல்லை என்பதுதான் இதில் எரிச்சல். ஏன் தோற்பார்? காலையில் எழுந்தவுடன் யார் நாக்கை நீட்டினாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். உதிர்ந்த தோலணுக்கள், உணவுத் துணுக்கு, கிருமி எல்லாம் ராத்திரியில் எச்சில் ஊறுவது குறைந்ததும் அங்கேயே படிந்துவிடும். காய்ச்சல்காரனுக்குக் கூடுதலாகப் படியும். பட்டினி கிடந்தால் இன்னும் கூடுதல், மெல்லுகிற வேலையே இல்லையே. இந்தக் கடைசிச் செய்தியை நான் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். நெஞ்செரிச்சல் என்று வாய் தவறிச் சொன்னதற்கு எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த தண்ணீரில் என்னை மூன்று நாள் போட்டார். நாக்கு வெளுத்ததைத் தீர்க்கத்தான் பட்டினி. இரண்டாம் நாள் நாக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. நான் பயந்தேன். அவர் கைதட்டாத குறை. "பாத்தியா, கழிவு மேல வருது!" நாக்கு வெளுத்தால் கழிவு இருக்கிறது, இன்னும் வெளுத்தால் கழிவு போகிறது. இந்த வைத்தியத்தை எந்தக் கோர்ட்டில் போய்த் தோற்கடிப்பது?

ஒரே ஒரு தடவை எதிர்த்து வாதாடினேன். "காந்தியே வயித்துல மண்பட்டி போட்டுக்கிட்டவர்டா" என்று ஆரம்பித்தார். உண்மைதான். மண்பட்டியும் போட்டார், இடுப்புக் குளியலும் செய்தார், 1946இல் புணேக்குப் பக்கத்தில் உருளிகாஞ்சனில் இயற்கை வைத்திய ஆசிரமமே தொடங்கினார். நானும் விடவில்லை. "அதே காந்திக்குத்தான் சித்தப்பா 1924 ஜனவரியில குடல்வால் வீங்கினப்ப புணே சசூன் ஆஸ்பத்திரியில வெள்ளைக்கார டாக்டர் ஆபரேஷன் பண்ணினார். பாதியில கரண்ட் போய், விளக்கு வச்சுக்கிட்டு முடிச்சாங்க" என்றேன். சித்தப்பா கொஞ்சநேரம் விட்டத்தைப் பார்த்தார். "எரவாடா ஜெயில்லேருந்துதான கூட்டிட்டுப் போனாங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அதான். ஜெயில் சாப்பாடு." பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏன் இவ்வளவு கோபப்படுற? நாக்கை நீட்டு."

சித்திக்குத் தலைவலி வந்தால் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரு பாராசிட்டமால், சூடாக ஒரு காப்பி. முடிந்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொல்லைக் குழாயில் மூன்று முறை வாய் கொப்பளித்து, எங்கள் கண்ணாடியில் நாக்கை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் கிளம்புவாள். 38 வருடக் குடித்தனம்.

ஆனாலும் அவரிடம் ஆள் போகாமல் இல்லை. எனக்கு டெங்கு வந்து வீட்டில் கிடந்தபோது தினமும் சைக்கிளில் வந்தவர் அவர் ஒருவர்தான். மாசி வீதிப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் நின்று, நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தின் ஒன்பது சரக்கும் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் பற்பாடகம்வரை பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி, வீட்டில் கொதிக்கவிட்டு வடிகட்டி எடுத்து வருவார். கசப்பு மறுநாள்வரை வாயில் நிற்கும். ரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து என்னை வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்க வைத்தது டாக்டர்தான். ஆனால் அந்த டாக்டர் என் பக்கம் திரும்பியது மொத்தமாக நாலு நிமிஷம் இருக்கும். மீதி நேரம் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா கட்டில் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, ராத்திரி தூங்கினாயா, கஞ்சி இறங்கியதா, ஒண்ணுக்குச் சரியாகப் போனாயா என்று கேட்பார். டார்ச் அடித்துப் பார்ப்பார். நானும் மறுபேச்சில்லாமல் நீட்டுவேன். தன் நாக்கை ஒருவர் அவ்வளவு அக்கறையாகப் பார்க்கும்போது மனுஷனுக்குப் பாதி காய்ச்சல் இறங்கத்தான் செய்கிறது.

இங்கேயே நிறுத்திக்கொண்டிருந்தால் நல்ல சித்தப்பா.

சிறுகுறிஞ்சான் வந்தது. வேலியில் படர்கிற கொடி. சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது மஞ்சள் பையிலிருந்து ஒரு கொத்து எடுத்தார். ஆளுக்கு இரண்டு இலை. "நல்லா மென்னு நாக்கு பூரா தடவு." கசந்தது. ஒரு நிமிஷம் கழித்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், வாயில் மணல்தான் இருந்தது. தித்திப்பு என்பதே உலகத்தில் இல்லை. என் மகன் லட்டைக் கடித்துவிட்டு அழுதான். காப்பியும் வீணாகப் போயிற்று. சித்தப்பா கூடத்து நடுவில் நின்று கையை விரித்தார். "சர்க்கரை எங்க? காணோம்ல? நாக்குலயே இந்த வேலை பண்ணுதுன்னா ரத்தத்துல என்ன பண்ணும்!"

அந்த இலை சர்க்கரையை ஒன்றும் செய்யவில்லை. இனிப்பை உணர்கிற இடத்தைக் கொஞ்சநேரம் அடைத்து வைத்தது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் எல்லார் நாக்கும் தெளிந்துவிட்டது. ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய ரத்தத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அன்று கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. நானும் லட்டு விஷயத்தில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. அவளுக்கு 16 வருடமாகச் சர்க்கரை. தம்பி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. காலையில் இலை, இரவில் ஆவாரம்பூக் கஷாயம். மாத்திரை டப்பா சாமி அலமாரிக்குப் பின்னால் போயிற்று. மூன்று மாதம். வாரம் தவறாமல் சித்தப்பா வந்து நாக்கைப் பார்த்தார். நாக்கு ரோஜாப்பூ மாதிரி இருந்தது. அது பொய்யில்லை, நானும் பார்த்தேன். கால் விரலிடுக்கில் செருப்பு உரசி ஒரு புண். அத்தைக்கு வலிக்கவில்லை. வலிக்கவில்லையே, ஆறிவிடும் என்று மஞ்சள் குழைத்துப் போடச் சொன்னார். வருடக்கணக்காகச் சர்க்கரை இருந்தால் காலில் நரம்பு மரத்துப்போகும், வலி தெரியாததுதான் ஆபத்தே என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத ஆள் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது. இதை நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது ஒரு சித்த மருத்துவர்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடம் படித்துவிட்டு வந்த பெண். மூட்டுவலித் தைலம் வாங்க அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நாடி பார்த்தார். நாக்கையும் பார்த்தார். பிறகு சாதாரணமாக, "காலைக் காட்டுங்கம்மா" என்றார். துணியைப் பிரித்தவர் முகம் மாறிவிட்டது. "சுகர் மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் போய்விட்டன. அத்தோடு நின்றதே பெரிய விஷயம் என்றார்கள்.

சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் யார் வீட்டுக்குமே வரவில்லை. 4.40 செய்தி நின்றுபோனது. விசேஷ வீடுகளில் ஆளைக் காணவில்லை. மாப்பிள்ளைகள் நிம்மதியாக வாயை மூடிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் மஞ்சள் பையோடு வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார், ஒன்றும் சொல்லவில்லை. அத்தை நாற்காலியில் இருந்தாள்.

"வாடா. என்ன, நாக்கை நீட்டவா?"

"வேண்டாம்க்கா. காலைக் காட்டு."

தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பையிலிருந்து ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பை எடுத்தார், ஆஸ்பத்திரி வாசல் கடைகளில் சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்பது. ஒரு சைஸ் பெரிசு. வாரைத் தானே இழுத்து மாட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரப்பர் மரத்துப் பால்தாண்டா" என்றார். "இயற்கைதான்."