பைட்டூ தேற்றம்: கடலிலும் பர்கூரிலும் இடைவேளை பற்றி ஓர் ஆய்வு

வேலைக்கு நடுவே எழுந்தவன் “ஓய்வெடுக்கப் போகிறேன்” என்று சொன்னதாக இதுவரை எந்தக் கல்வெட்டும் கிடைக்கவில்லை. வேலை செய்பவன் ஓய்வை எப்போதும் ஒரு தின்பண்டத்துக்கோ புகைக்கோ பின்னால்தான் ஒளித்து வைப்பான். இதுவே நம் கருதுகோள்.

முதல் சான்று கடலில். சரக்குக் கப்பல்களில் காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் வரும் இடைவேளைக்கு ‘ஸ்மோக்கோ’ என்று பெயர். பீடியைத் தொடாதவனும் ஸ்மோக்கோவுக்குப் போவான். பிரிட்டிஷ் கடற்படையில் சாக்லேட், மிட்டாய் எல்லாம் ‘நட்டி’. அமெரிக்கக் கடற்படையில் நொறுக்குத்தீனிக்கும் அதை விற்கும் கப்பல் கடைக்கும் ‘கீடங்க்’. இது நம் ‘கிடங்கு’தான் என்று நிறுவிவிட்டால் உலகத் தமிழ் மாநாட்டில் ஒரு பொன்னாடை உறுதி. ஆனால் 1920களின் அமெரிக்கப் படக்கதை ஒன்றில் வந்த ஐஸ்கிரீமின் பெயர் அது என்கிறார்கள். பொன்னாடை போயிற்று.

சென்னைத் துறைமுகத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடக்கும் பர்கூரிலும் இதே கதைதான். (மாட்டுக்குப் பேர்போன பர்கூர் ஈரோடு மாவட்டத்து மலை, நம்முடையது கிருஷ்ணகிரிப் பக்கம், ஜவுளிக்கும் சிப்காட்டுக்கும் பேர்போனது.) தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 55ஆம் பிரிவு. அந்தப் பிரிவைச் சொல்லி எழுந்தவன் யாரும் உண்டா? “டீக்குப் போயிட்டு வந்துடறேன்ணா” என்றால் சூப்பர்வைசரே தலையாட்டுவார். “ஒரு தம் போட்டுட்டு வர்றேன்” என்பது ஸ்மோக்கோவின் சுத்தமான தமிழ் வடிவம்.

இனி தேற்றம். பெங்களூர் ஹோட்டல்களின் ‘பைட்டூ’ எல்லை தாண்டி இந்தப் பக்கமும் புழங்குகிறது: ஒரு டீ, இரண்டு கிளாஸ். மாஸ்டர் நுரை பொங்க ஆற்றி, இரண்டு கிளாஸையும் கண்மட்டத்தில் பிடித்து, கூடக்குறைய இருந்தால் ஒரு சொட்டு மாற்றி ஊற்றுவார். மருந்துக் கடையில்கூட அவ்வளவு கவனம் கிடையாது. இதில் டீ பாதியாகிறது, நேரம் பாதியாவதில்லை. அரை கிளாஸ் டீயும் மசால் வடையும் முழு டீயின் நேரத்தையே விழுங்குகின்றன. பேச்சு சூடுபிடித்தால் அதைவிடக் கூடுதல்.

கப்பலிலோ நேர்மாறு. நான்கு மணி நேரக் காவல்களில் மாலை 4 முதல் 8 வரையுள்ளதை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்து ‘டாக் வாட்ச்’ என்றார்கள். காவல்கள் ஏழாகி ஒற்றைப்படை ஆவதால், ஒருவனே தினமும் நடுராத்திரியில் மாட்டிக்கொள்ள மாட்டான். கடலில் நேரத்துக்குப் பைட்டூ, பர்கூரில் டீக்குப் பைட்டூ. எது உயர்ந்த நாகரிகம் என்பதில் ஆய்வாளருக்கு ஐயமே இல்லை.

மூன்றாவது ஆள் வந்து நின்றால்? ‘டூ பை த்ரீ’ உண்டு. இரண்டு டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் ஆய்வு தேங்கி நிற்கிறது. கேட்கப் போன இடத்தில் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.